இஸ்கந்தரிய்யாவின் மனாரா: வீழ்த்தியவர் யார், காத்தவர் யார்?

நாகூர் தர்காவின் உயர்ந்த கோபுரங்களை மக்கள் மனாரா என்றும் மனோரா என்றும் வழங்குகின்றனர். பட்டுக்கோட்டையை அடுத்த கடற்கரையில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டு நிலைக் கோபுரத்திற்கும் மனோரா என்பதே பெயர். இரண்டிலும் ஒலிப்பது ஒரே அரபுச் சொல். 'நூர்' என்னும் ஒளியும் 'நார்' என்னும் நெருப்பும் பிறந்த அதே வேரிலிருந்து பிறந்தது 'மனாரா'. ஒளி தங்குமிடம், தீ எரியுமிடம் என்பது அதன் பொருள். பாங்கு சொல்லும் கோபுரத்திற்கு அரபியில் மிஃதனா, ஸவ்மஆ எனத் தனிப்பெயர்கள் இருந்தும், கலங்கரை விளக்கத்தின் பெயரே உலகெங்கும் பள்ளிவாசல் கோபுரத்தின் பெயராக நிலைத்துவிட்டது. இடைக்கால அரபு நூலாசிரியர்கள் அடைமொழி ஏதுமின்றி 'அல்மனாரா' என்று எழுதும்போது, பெரும்பாலும் அவர்கள் மனக்கண்ணில் நின்றது ஒரே கட்டடம்தான். அது எகிப்தின் இஸ்கந்தரிய்யாத் துறைமுகத்தில் நின்ற பெரும் விளக்குக் கோபுரம்.

கிறிஸ்துவுக்கு முன் 280-ஆம் ஆண்டளவில், தாலமி மன்னர்களின் காலத்தில், ஃபாரோஸ் என்னும் சிறு தீவின் முனையில் அது கட்டி முடிக்கப்பட்டது. ஸோஸ்த்ராதோஸ் என்னும் கிரேக்கரின் பெயர் அதனோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. மத்தியதரைக் கடலுக்கும் மர்யூத் ஏரிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது இஸ்கந்தரிய்யா நகரம். அக்கரையில் மலை இல்லை, மேடும் இல்லை. தொலைவிலிருந்து வரும் மாலுமிக்குக் கடலும் தரையும் ஒரே கோடாகவே தெரியும். கரைக்கு அருகிலோ நீருக்குள் பாறைகள். அந்நகரம் உயரமான ஓர் அடையாளத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வாறு உண்டான கோபுரம் நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்து நின்றது என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. கீழ்நிலை சதுரம், நடுநிலை எண்கோணம், மேல்நிலை வட்டம். உலக அதிசயங்கள் ஏழனுள் ஒன்றாக எண்ணப்பட்ட அக்கோபுரம் இன்று இல்லை.

அது எப்படி இல்லாமற் போயிற்று என்னும் கேள்விக்குப் பொதுநூல்கள் சில சொல்லும் விடை நம்மைச் சற்றே உறுத்துவது. உமையாக் கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் அதைப் பாதி இடித்தார் என்பதே அவ்விடை. இஸ்கந்தரிய்யாவைப் பற்றி இத்தகைய இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. அங்கிருந்த பெரும் நூலகத்தைக் கலீஃபா உமர் (ரலி) எரிக்கச் சொன்னார் என்னும் அக்கதை, நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்குச் சுமார் ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே ஏடுகளில் தலைகாட்டுகிறது. அல்லாமா ஷிப்லி நுஃமானி அதை மறுத்துத் தனிநூலே எழுதினார். ஆல்ஃபிரெட் பட்லர் போன்ற ஐரோப்பிய அறிஞர்களும் அதை ஏற்கவில்லை. ஆயினும், கோபுரத்தைப் பற்றிய கதையை அவ்வாறு பிறர் கட்டியது என்று தள்ளிவிட நமக்கு வழியில்லை. அதை எழுதிவைத்தவர் நம்மவரான மஸ்ஊதி.

ஹிஜ்ரி 332-இல் (கி.பி. 943) எழுதிய 'முரூஜுத் தஹப்' நூலில் மஸ்ஊதி கூறுவது இது. கோபுரத்தின் உச்சியில் ஓர் அற்புதக் கண்ணாடி இருந்தது. கடலில் வரும் பகைவரின் கப்பல்களை நெடுந்தொலைவிலேயே அது காட்டிக்கொடுத்தது. அதனால் துன்புற்ற ரோமப் பேரரசர் தம் ஊழியன் ஒருவனைத் தந்திரமாக அனுப்பினார். அவன் கலீஃபா வலீதிடம் வந்து, இஸ்லாத்தைத் தழுவியவனைப் போல நடித்து, புதையல்கள் உள்ள இடங்களைக் காட்டி நம்பிக்கையைப் பெற்றான். பிறகு, கோபுரத்தின் அடியிலும் பெருநிதி இருக்கிறது என்றான். கலீஃபா ஆளனுப்பி இடிக்கச் செய்தார். பாதி இடிந்து கண்ணாடியும் போன பின்னர்தான் சூழ்ச்சி தெரியவந்தது. அதற்குள் அவன் கப்பலேறித் தப்பிவிட்டான்.

கதை சுவையானது. மஸ்ஊதி இதைத் தாம் கண்ட செய்தியாகச் சொல்லவில்லை. எகிப்து மக்களிடம் வழங்கிய செய்தியாகவே சொல்கிறார். வலீத் ஆண்டது ஹிஜ்ரி 86 முதல் 96 வரை. நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே ஏறத்தாழ இருநூற்று முப்பது ஆண்டுகள். திமிஷ்கின் பெரும் பள்ளிவாசலை எழுப்பி, மதீனாவின் நபிப் பள்ளிவாசலை விரித்துக் கட்டிய அந்தக் கலீஃபா, புதையல் ஆசையால் ஒரு துறைமுகத்தின் கண்ணையே பிடுங்கினார் என்பதை நம்புவதற்குத் தக்க சான்று வேண்டும். அத்தகைய சான்று எதையும் நாம் காணவில்லை. நாம் காண்பது வேறொன்று. இமாம் தபரி தம் வரலாற்றில் ஹிஜ்ரி 180-ஆம் ஆண்டின் (கி.பி. 796) நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும்போது, அவ்வாண்டு எகிப்தில் நிலநடுக்கம் ஏற்பட்டு இஸ்கந்தரிய்யா மனாராவின் உச்சி விழுந்தது என்று குறிப்பிடுகிறார். கண்ணாடி இல்லை, ஒற்றன் இல்லை, புதையலும் இல்லை, ஒரே வாக்கியம். உச்சி இழந்த கோபுரத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்த மக்கள், நிலநடுக்கத்தை மறந்து, அவ்விழப்பிற்கு ஒரு மன்னரையும் ஒரு வஞ்சகனையும் காரணமாக்கிக்கொண்டார்கள் என்று கருதவே நாம் விரும்புகிறோம். இது நம் ஊகமே. எனினும், ஆண்டு குறித்த ஒரு வரிச் செய்திக்கு முன்னால் ஆண்டு குறிக்காத நீண்ட கதை எளிதில் நிற்பதில்லை.

மஸ்ஊதியின் மீது நமக்கு மனத்தாங்கல் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதே மஸ்ஊதிதான் தம் இறுதி நூலான 'அத்தன்பீஹ்' என்பதில், ஹிஜ்ரி 344 ரமழானில் நேர்ந்த நிலநடுக்கத்தால் கோபுரத்தின் மேற்பகுதி ஏறக்குறைய முப்பது முழம் சரிந்தது என்னும் செய்தியைப் பதிவு செய்தவர். அதன்பின் ஓரிரு ஆண்டுகளில் எகிப்திலேயே அவர் காலமானார். கதை கேட்கும் ஆவலும் அளவு குறிக்கும் கவனமும் ஒரே மனிதரிடம் இருந்திருக்கின்றன. நாம் பிரித்தறிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஆக, கோபுரத்தை வீழ்த்தியது நிலநடுக்கம். இனி, காத்தவர் யார் என்று பார்ப்போம். அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் படை இஸ்கந்தரிய்யாவினுள் புகுந்தது கி.பி. 642-இல். கோபுரத்தைப் பயன்படாத சிதைவாகக் கடைசியாகக் கண்டு எழுதியவர் இப்னு பதூதா, அது 1349-இல். இவ்விரண்டுக்கும் இடையே எழுநூறு ஆண்டுகள். கோபுரத்தின் முழு ஆயுளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அது முஸ்லிம்களின் பொறுப்பிலேயே நின்றிருக்கிறது. அத்தனை காலம், அந்த உயரத்தில், கடற்காற்றும் நில அதிர்வும் ஓயாத இடத்தில், ஒரு கட்டடம் தானாக நிற்காது.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன் சிதைந்த உச்சியின் மேல் மரத்தாலான குவிமாடம் ஒன்றை அமைத்தார். அதைக் காற்று கொண்டுபோயிற்று. மம்லூக் சுல்தான் ளாஹிர் பைபர்ஸ் காலத்தில் கோபுரத்தின் ஒரு பகுதி விழவே, அவர் அதைச் செப்பனிட ஆணையிட்டார். ஹிஜ்ரி 673-இல் உச்சியில் ஒரு பள்ளிவாசலையும் கட்டுவித்தார். ஹிஜ்ரி 702 துல்ஹஜ்ஜில், அதாவது 1303 ஆகஸ்ட் 8-இல், கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதி முழுவதையும் உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தில் அதுவும் இடிந்தது. மறு ஆண்டே அமீர் ருக்னுத்தீன் பைபர்ஸ் ஜாஷ்னகீர் அதை மீண்டும் கட்டினார். இவற்றை நமக்குச் சொல்பவர் 'அல்கிதத்' என்னும் பெருநூலின் ஆசிரியர் மக்ரீஸி. விழுந்ததும் கட்டியதும் மாறி மாறி வரும் அந்தப் பட்டியல் ஓர் ஊர்க் குளத்தின் கரையை ஆண்டுதோறும் உயர்த்தும் கணக்கைப் போல இருக்கிறது. மேற்கத்திய நூல்கள் பலவற்றில் இப்பகுதி ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது.

கோபுரத்தில் நடந்த வாழ்க்கையையும் மக்ரீஸி விட்டுவைக்கவில்லை. இரவு முழுவதும் தீ வளர்ப்பதற்கென்றே ஆட்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். கப்பலில் வருவோர் அத்தீயை நோக்கியே வழிகண்டு வந்தனர். ஆண்டுக்கு ஒரு நாள், 'பருப்பு வியாழன்' என்று வழங்கிய நாளில், நகர மக்கள் உணவுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு கோபுரத்திற்குச் செல்வர். அவ்வுணவில் பருப்பு கட்டாயம் இருக்கவேண்டும். கோபுரத்தின் கதவு திறக்கப்படும். சிலர் திக்ரு செய்வர், சிலர் தொழுவர், சிலர் விளையாடிப் பொழுதுபோக்குவர், நண்பகலில் திரும்பிவிடுவர். அந்நாள் எகிப்தின் கிப்தியக் கிறிஸ்தவர்களின் நாட்காட்டியைச் சேர்ந்தது. அந்நாள் முதல் பகைவரின் வரவை எதிர்பார்த்துக் கடலைக் கண்காணிக்கத் தொடங்குவார்கள். குளிர்காலம் முடிந்து கப்பல்கள் புறப்படும் பருவம் அது என்பதை நாம் புரிந்துகொள்ளலாம்.

கோபுரம் நிறைவாக நின்ற காலத்தில் அதை அளந்து எழுதியவர்களில் தலைசிறந்தவர் அந்தலூஸின் மாலகா நகரத்து அறிஞர் யூசுஃப் இப்னுஷ் ஷைக் அல்பலவி. 1166-ஆம் ஆண்டளவில் அவர் இஸ்கந்தரிய்யாவில் இருந்தார். தம் மகனுக்காக எழுதிய 'கிதாபு அலிஃப் பா' என்னும் நூலில் கோபுரத்தைப் படிப்படியாக வருணிக்கிறார். முதல் நிலையின் மேல்தளத்தை அடைந்ததும், ஒரு கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிக் கீழே இறக்கி உயரத்தை அளந்தார். அது முப்பத்தோர் ஆள் உயரம் இருந்தது. எண்கோண நிலை, வட்ட நிலை, உச்சியில் பள்ளிவாசல் என ஒவ்வொன்றாக ஏறி அளவுகளைக் குறித்துக்கொண்டார். அற்புதக் கண்ணாடிகளைப் பற்றிக் கேட்டு எழுதியவர்கள் பலர் இருந்த ஓரிடத்திற்குக் கயிறும் கல்லும் கொண்டு சென்ற மனிதர் அவர். எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் பெரிதாகக் கவனிக்காத இப்பகுதியை ஸ்பானிய அறிஞர் மிகேல் அஸீன் பலாஸியோஸ் 1933-இல் எடுத்து வெளியிட்டார். கோபுரத்தைப் படமாக வரைய முற்படும் எவரும் இன்று அல்பலவியின் அளவுகளைத் தவிர்க்க முடிவதில்லை.

அவருக்குப் பின் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 1183-இல், ஹஜ்ஜை நாடிச் சென்ற இப்னு ஜுபைர் அங்கே இறங்கினார். எழுபது மைலுக்கு அப்பாலிருந்தே கோபுரம் தெரியும் என்கிறார். உச்சிப் பள்ளிவாசலில் தாமும் தொழுததைப் பதிவு செய்கிறார். உச்சியில் அமைந்த அப்பள்ளிவாசலை இடித்த இடத்தில் எழுந்த வெற்றிச் சின்னமாகக் காண்போர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மக்கள் நாள்தோறும் ஏறிச் செல்லும் கோபுரத்தில் விரிசல் கண்டால் உடனே தெரியும். தொழுமிடம் இடிந்தால் அதைக் கட்டியாக வேண்டும் என்னும் கடப்பாடு ஆட்சியாளருக்கு உண்டு. உச்சியில் தொழுகை இருந்தவரை அடித்தளமும் கவனிக்கப்பட்டது.

இக்கருத்து இன்றைய காலத்திற்கும் பொருந்துவதே. கோள்களின் துணையால் கப்பல்கள் வழியறியும் காலத்தில் கலங்கரை விளக்கங்களின் பயன் குறைந்துவிட்டது. வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சூழ்ந்த கரைகளில் இது கண்கூடு. அமெரிக்க மாநிலங்களுள் கலங்கரை விளக்கங்கள் மிகுதியாக உள்ளது கடலோர மாநிலம் எதுவுமன்று. நான்கு ஏரிகள் தழுவும் மிச்சிகன். பயன் ஓய்ந்த இவ்விளக்குகளை என்ன செய்வது என்று ஆராய்ந்த அந்நாட்டு அரசு, 2000-இல் ஒரு சட்டம் இயற்றியது. வரலாற்றுச் சிறப்புள்ள விளக்குக் கோபுரங்களை உள்ளாட்சிகளும் அறநோக்கு அமைப்புகளும் விலையின்றிப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் பேணிக் காத்து, மக்கள் வந்து பார்க்கவும் கற்கவும் திறந்துவைக்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத கோபுரம் நிலைக்காது என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது. பருப்பு வியாழனன்று கதவு திறந்துவிட்ட இஸ்கந்தரிய்யாவின் காவலருக்கு இது புதுமையாகத் தோன்றியிருக்காது.

1303-இன் நடுக்கத்திற்குப் பிறகு கோபுரத்தின் கதை இறங்குமுகம். நம் மஅபர் கரைக்கும் பின்னாளில் வந்துபோன இப்னு பதூதா, 1326-இல் முதன்முறை கண்டபோது அதன் ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. எனினும் உள்ளே நுழைய முடிந்தது. வாயில் தரைமட்டத்திற்கு மேலே உயரத்தில் இருந்தது. அதற்கு எதிரே அதே உயரத்தில் ஒரு கட்டடம். இரண்டுக்கும் இடையே பலகைகள் போடப்பட்டிருந்தன. பலகையை எடுத்துவிட்டால் கோபுரத்திற்கு வழியே இல்லை. வாயிலின் உள்ளே காவலருக்கு இடமும் மேலே பல அறைகளும் இருந்தன. கால் நூற்றாண்டுக்குப் பின், ஹிஜ்ரி 750-இல், மேற்கே தாயகம் திரும்பும் வழியில் மறுபடியும் அங்கே சென்றார். அப்போது சிதைவு முற்றியிருந்தது. உள்ளே நுழையவோ வாயில்வரை ஏறவோ இயலவில்லை. சுல்தான் நாஸிர் முஹம்மத் பழைய கோபுரத்திற்கு எதிரே அதைப் போன்ற புதிய கோபுரம் ஒன்றைத் தொடங்கினார் என்றும், அவருடைய மரணம் அதை முடிக்கவிடவில்லை என்றும் எழுதுகிறார். நாஸிர் முஹம்மத் இறந்தது 1341-இல். கைவிடப்பட்ட அம்முயற்சியைத் தொடர யாரும் முன்வராததை நாம் மறைப்பதற்கில்லை. எழுநூறு ஆண்டுக் காவலைப் பெருமையோடு சொல்லும் நாம் இந்தக் கைவிடலையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஹிஜ்ரி 882-இல் (கி.பி. 1477) சுல்தான் காயித்பாய் இஸ்கந்தரிய்யாவிற்கு வந்தார். உஸ்மானியரின் வலிமை பெருகிவந்த காலம் அது. பழைய கோபுரத்தின் அடித்தளத்தின் மேலேயே கோட்டை எழுப்பக் கட்டளையிட்டார். இரண்டே ஆண்டுகளில் வேலை முடிந்தது. சிதறிக் கிடந்த கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன என்பது பலரின் கருத்து. அதன் சுவர்களிலும் வாயிலிலும் காணப்படும் அஸ்வான் சிவப்புக் கருங்கற்கள் பழைய கட்டடத்தை நினைவூட்டுகின்றன. காயித்பாய் கோபுரத்தை அழித்தவர் அல்லர். அவர் காலத்தில் அழிப்பதற்குக் கோபுரம் இல்லை. அக்கோட்டையும் 1882 ஜூலையில் ஆங்கிலேயரின் பீரங்கிகளால் சிதைந்து பின்னர் செப்பனிடப்பட்டது.

பள்ளிவாசல் கோபுரங்களின் வடிவத்திற்கே இஸ்கந்தரிய்யா மனாராதான் மூலம் என்று 1909-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் தீர்ஷ் எழுதினார். கெய்ரோவின் மம்லூக் மனாராக்கள் சதுரத்தில் தொடங்கி, எண்கோணமாகி, வட்டமாய் முடிவதைக் காண்போருக்கு அது கவர்ச்சியான கருத்துத்தான். ஆனால் தொடக்ககால மனாராக்கள் அவ்வடிவின அல்ல என்று கிரெஸ்வெல் மறுத்தார். கிரெஸ்வெல் பக்கமே நியாயம் இருப்பதாக நமக்குப் படுகிறது. பெயர் வந்த வழியாகவே வடிவமும் வந்திருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

கடலுக்குள் விழுந்த கற்கள் நெடுங்காலம் மறந்துபோயின. 1961-இல் கமால் அபுஸ் ஸஆதாத் என்னும் எகிப்திய முக்குளிப்பாளர் கோட்டையின் அடியில் கடலினுள் பேருருவச் சிலைகளையும் தூண்களையும் கண்டு அதிகாரிகளுக்கு அறிவித்தார். அவர் தொழில்முறை ஆய்வாளர் அல்லர். 1968-இல் யுனெஸ்கோ அனுப்பிய ஹானர் ஃப்ராஸ்ட் அம்மையார் அங்கே முக்குளித்துப் பார்த்து, இடத்தின் சிறப்பை எழுதினார். அதன்பின் ஒரு கால் நூற்றாண்டு வேலை ஏதும் பெரிதாக நடைபெறவில்லை.

1993-இல் நிகழ்ந்தது விசித்திரமானது. காயித்பாய் கோட்டையின் அடியை அலைகள் அரித்துவந்தன. கோட்டையைக் காக்கும் நல்ல நோக்கத்தோடு பெரும் கான்கிரீட் பாளங்களைக் கடலில் இறக்கினார்கள். அவை சென்று விழுந்தது கோபுரத்தின் கற்கள் கிடந்த இடத்தின் மேலேயே. ஓர் இஸ்லாமிய நினைவுச் சின்னத்தைக் காக்க அதன் கீழுள்ள தொன்மையை மூடுவதா என்னும் கேள்வி எழுந்தது. திரைப்பட இயக்குநர் அஸ்மா அல்பக்ரி அதை உரத்த குரலில் எழுப்பினார். பணி நிறுத்தப்பட்டது, 1994-இல் ழான் ஈவ் எம்பரர் தலைமையில் எகிப்தியரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்த குழு கடலடி ஆய்வைத் தொடங்கியது. தூண்கள், ஸ்பிங்ஸ் உருவங்கள், சிலைகள், கட்டடப் பாளங்கள் என ஆயிரக்கணக்கான கற்கள் கடலடியில் பதிவாயின. சிலவே கரையேற்றப்பட்டன.

இச்சிக்கலுக்கு எளிய தீர்ப்பு சொல்ல நாம் துணியவில்லை. கோட்டை அரிக்கப்பட்டு வீழ்ந்தால் இழப்பு நமக்கு. கற்கள் புதைந்தால் இழப்பு மனிதகுலத்திற்கும் நமக்கும். ஆயினும், கோட்டை நம்முடையது, கோபுரம் கிரேக்கருடையது என்று பிரித்துப் பேசும் குரல்கள் எழும்போது, எழுநூறு ஆண்டுகள் அத்தீயை வளர்த்தவர்களை நாம் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இப்னு தூலூனுக்கும் பைபர்ஸுக்கும் அந்தப் பிரிவினை தெரியாது.

2025 ஜூலையில், பிரெஞ்சு ஆய்வாளர் இசபெல் ஏரி தலைமையிலான குழுவினர் இருபத்திரண்டு பெரும் பாளங்களைக் கடலடியிலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். சில பாளங்கள் எழுபது, எண்பது டன் எடையுள்ளவை. ஒவ்வொன்றையும் எண்முறைப் படமாக்கி, முன்பு நீருக்கடியிலேயே படமெடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட கற்களோடு பொருத்தி, கோபுரத்தைக் கணினியில் மீளக் கட்டிப் பார்ப்பது அவர்களின் திட்டம். அல்பலவி கயிற்றில் கண்ட அளவுகள் அங்கே சோதனைக்கு வரும். கரையேறிய அக்கற்களில் நிலைப்படி, நிலைக்கால்கள், மேல் உத்தரக் கற்கள் ஆகியவை இருந்தன. அவை கோபுரத்தின் பெருவாயிலைச் சேர்ந்தவை என்பது ஆய்வாளர்களின் கருத்து. 1349-இல் இப்னு பதூதா கீழே நின்று பார்த்துவிட்டு, ஏறிச்செல்ல வழியில்லாமல் திரும்பியது அக்கோபுரத்தின் வாயிலைத்தான்.